பருப்பு வண்டியின் வாசல்

யோகமலருக்குக் காத்திருக்கத் தெரியாது. டொக்டரின் அறைக்கு வெளியே இருபது நிமிடம் இருத்திவைத்தால் எழும்பிப் போய்விடுவார். கலியாண வீட்டில் சாப்பாடு பிந்தினால் மணமக்களின் கையில் என்வலப்பைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து புட்டு அவிப்பார். அப்படிப்பட்ட மனுசி, முப்பது வருடமாக, புதன்கிழமைகளில் மட்டும் கேற்றடியில் பொறுமையாக நிற்பார். பதினொரு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒரு மணிக்கு வந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். வந்தால் போதும்.

வருவது பருப்பு வண்டி. ஒரு எஞ்சின், அதன் பின்னால் ஒரு பெட்டி, நல்ல காலத்தில் இரண்டு. கனடாவின் மேற்கே சஸ்கச்சுவான் மாகாணத்து வயல்களில் விளைந்த மைசூர்ப் பருப்பு மூவாயிரம் கிலோமீற்றர் உருண்டு வந்து, டோர்செட் பார்க் மாடிக்கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற யோகமலரின் பண்டசாலைக்குள் நுழையும். அங்கே அது ஒரு கிலோ, நாலு கிலோ பைகளாகி ரொறன்ரோவின் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் போகும். பண்டசாலைக்கென்று ஒரு கிளைத் தண்டவாளம் உண்டு. கேற்றுக்கு வெளியே நாற்பது அடி தள்ளி, அது பெரிய பாதையிலிருந்து பிரிகிறது. பிரிகிற இடத்தில் ஒரு சுவிட்ச், தண்டவாளத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடுகிற இரும்பு நாக்கு. அதைத் திருப்பினால்தான் வண்டி பெரிய பாதையை விட்டு உள்ளே வரும்.

அந்தப் பெரிய பாதையின் சங்கதியைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒரு காலத்தில் அது சரக்கு ரயில் கொம்பனியின் சொந்தச் சொத்து. வேலைக்குப் போகிற சனத்தை ஏற்றும் ரயில்தான் அதில் இடம் கேட்டு ஓடியது. பிறகு அரசாங்கம் பாதையை விலைக்கு வாங்கிவிட்டது. அன்றிலிருந்து நிலைமை தலைகீழ். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறவன் போல ஆகிவிட்டது சரக்குக் கொம்பனி. ஒவ்வொரு பெட்டிக்கும், ஒவ்வொரு மைலுக்கும் அரசாங்கத்துக்குக் காசு கட்டவேண்டும். காலையிலும் பின்னேரத்திலும் தலை காட்டக்கூடாது. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், பயணிகள் ரயில்களுக்கு நடுவில் கிடைக்கிற சந்தில் வந்து சத்தமில்லாமல் போய்விடவேண்டும். சரக்கு வண்டியால் பயணிகள் ரயில் நின்றதோ, தண்டம். யோகமலருக்கு இதெல்லாம் மனப்பாடம். மேலே இருக்கிறவை பெரிய ஆக்கள், கீழே இருக்கிறவை நாங்கள் என்று பகிடியாகச் சொல்லுவார். அவரும் பேஸ்மென்றில் இருந்து வந்தவர்தானே.

முதல் பெட்டி வந்தது தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசி மாதம். அப்போது யோகமலரும் கணவர் சிவபாதமும் பேஸ்மென்றைவிட்டு மேலேறி, மாடிக்கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். ஹோலை மூன்று பெடியங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சிவபாதத்துக்கு ஒரே யோசனை. இந்த நாட்டில் விளைகிற பருப்பு கப்பலேறி, எங்கேயோ ஒரு தேசத்தில் பைக்குள் அடைபட்டு, திரும்ப ஸ்காபரோவுக்கு வந்து இரட்டை விலைக்கு விற்கிறதே, அதை நேரே ரயிலில் இறக்கினால் என்ன? கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யோகமலரும் சிரித்தவர்தான். சிரித்துவிட்டு, வேலை செய்த பக்டரியில் லீவு எடுத்துக்கொண்டு வந்து கூடவே நின்றார்.

பெட்டிக்குள் சாக்குகள் அடுக்கியிருக்கும், தோளில் தூக்கி இறக்கலாம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். சாக்கு ஒன்றும் இல்லை. தொண்ணூறு தொன் பருப்பு அப்படியே குவியலாகக் கிடந்தது. பெட்டியின் அடியில் ஒரு கதவு. சிவபாதம் அலவாங்கால் அதை நெம்பித் திறந்தார். திறந்தவருக்கு மூடத் தெரியவில்லை. வெள்ளைப் பனியின்மேல் செம்மஞ்சள் பருப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. அவர் இரண்டு கையாலும் கதவைத் தள்ளிக்கொண்டு, "மலர், ஆரையாவது கூப்பிடு, ஓடு!" என்று கத்தினார்.

யோகமலர் ஓடினார். கட்டடத்தின் லொபியில் நின்று, தமிழ்ப் பெயர் எழுதியிருந்த வீட்டு மணிப் பொத்தான்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அமத்தினார். அரை மணித்தியாலத்தில் கட்டடமே இறங்கி வந்துவிட்டது. தலையணை உறை, பிள்ளை குளிக்கவார்க்கிற பேசின், உடுப்புக் கூடை என்று அகப்பட்டதையெல்லாம் கொண்டு வந்தார்கள். ஊரிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத சூட்கேசைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அதில் பருப்பு அள்ளிக்கொண்டு போனார் ஒரு வாத்தியார். இன்றைக்கும் பண்டசாலையில் கூடவே நிற்கிற ஜோசப்பினை யோகமலர் முதன்முதலில் கண்டதும் அன்றைக்குத்தான். மன்னாரிலிருந்து வந்து பன்னிரண்டு நாள், காலில் யாருடையதோ பெரிய சப்பாத்து, கையில் ஒரு நூல் சேலை. சேலையைப் பனியில் விரித்து அள்ளினாள். அள்ளிய பருப்பை ஆளாளுக்கு வீட்டில் உலர்த்தி, கல் பொறுக்கி, அடுத்த கிழமை முழுக்கத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. எல்லாரும் கொஞ்சம் எடுத்திருப்பார்கள், எடுக்கட்டும் என்று சிவபாதம் சொல்லிவிட்டார். அந்தப் பனி மாரி முழுக்க அந்தக் கட்டடத்தில் லிஃப்ற் கதவு திறந்தால் பருப்பு வாசம்தான்.

அந்த நாட்களை நினைத்தால் யோகமலருக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். என்ன குளிர், என்ன கஷ்டம்! ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு அத்தனை பேர் இருந்தார்கள். இப்போது அவர் இருப்பது ஸ்ரௌவ்வில்லில், மகன் ஜனார்த்தனின் வீட்டில். ஐந்து அறை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. பருப்பு அள்ள வந்தவர்கள் மார்க்கம், அஜாக்ஸ், பிரம்டன் என்று சிதறிப்போனார்கள். சிலர் செத்தும் போனார்கள். சிவபாதம் போய் ஆறு வருடம். மிஞ்சியிருப்பது ஜோசப்பினும் புதன்கிழமை வண்டியும்தான். அந்த வண்டி கேற்றுக்குள் நுழையும்போது நிலம் இலேசாக அதிரும். அதிர்கிற அந்த ஒரு நிமிடத்துக்கு யோகமலருக்கு வயது முப்பத்திரண்டு.

வண்டியோடு வருகிறவர் வின்ஸ்ரன். ஜமேக்காக்காரர், வயது அறுபத்தொன்று. உத்தியோகம் கண்டக்டர். சரக்கு வண்டியில் யாருக்கு ரிக்கெற் கிழிக்கிறார் என்று கேட்கக்கூடாது, இறங்கி சுவிட்சைத் திருப்பி, பெட்டியைக் கழற்றி விடுகிறவருக்கும் அங்கே அதுதான் பெயர். பத்தொன்பது வருடமாக இந்தப் பாதையில் வருகிறார். யோகமலரை 'மிசிஸ் மலர்' என்பார். கடலை வடை என்றால் உயிர்.

தைப்பொங்கலுக்குப் பிறகு வருகிற முதல் வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. சிவபாதம் தொடக்கிவைத்தது. பெட்டியின் நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு. ஜோசப்பின் தன் பங்குக்குப் பக்கவாட்டில் விரலால் ஒரு சிலுவை போடுவாள். பிறகு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்து கொண்டுவந்த தேங்காயை, கேற்றுக்கு உள்ளே, தங்கள் தண்டவாளத்தின்மேல் அடித்து உடைப்பார்கள். வின்ஸ்ரன் வந்த முதல் வருடம் இதைக் கண்டு பதைத்துப்போனார். தேங்காய் தின்று வளர்ந்த மனுசன் அல்லவா! நல்ல தேங்காயை ஏன் இப்படி நாசமாக்குகிறீர்கள் என்று கேட்டு, இரண்டு பாதியையும் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த புதன்கிழமை, அவருடைய மனைவி பேர்ல் அந்தத் தேங்காய்ப்பாலில் சமைத்த பயற்றஞ்சோறு ஒரு டப்பாவில் வந்தது. அன்றிலிருந்து வருடா வருடம் தேங்காய் அங்கே போகும், சோறு இங்கே வரும்.

இந்த வருடம் மார்கழியில் ஒரு கதை அடிபட்டது. சரக்குக் கொம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறதாம். பாதைக்கான கட்டணத்தை அரசாங்கம் கூட்டப்போகிறதாம். ஒன்று இரண்டு பெட்டிக்காக அந்தக் காசைக் கட்டி வருவது கட்டுப்படியாகாது என்று சின்னச் சின்னக் கிளைப் பாதைகளைக் கொம்பனி கைவிடப்போகிறதாம். வின்ஸ்ரனைக் கேட்டால், "எனக்கு மேலே உள்ளவர்களுக்குத்தான் தெரியும்" என்று தோளைக் குலுக்கினார்.

"லொறியிலை வந்தாலும் பருப்புப் பருப்புத்தானே அக்கா," என்றாள் ஜோசப்பின். "கடை பூட்டப்போறதோ?"

கடை பூட்டப்போவதில்லை என்பது யோகமலருக்கும் தெரியும். லொறிக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். ஆனால் லொறி வந்து நின்றால் நிலம் அதிராது. லொறிக்காரன் பின்பக்கமாக வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். "உனக்கு விளங்காது, சும்மா இரு" என்று ஜோசப்பினுக்கு எரிந்து விழுந்தார். விளங்காதவள் என்று அவளைச் சொல்ல யோகமலருக்கு வாய் எப்படி வந்ததோ தெரியாது.

எரிந்து விழுந்த கையோடு யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. இத்தனை வருடமும் பிழையாகச் செய்துவிட்டோம்! தேங்காயை எங்கே உடைப்பார்கள்? வாசலில். பண்டசாலைக்கு வாசல் கேற் என்றால் சரி. ஆனால் வண்டிக்கு வாசல் எது? சுவிட்ச் அல்லவா! அங்கே திரும்பித்தானே அது உள்ளே வருகிறது. வாசலை விட்டுவிட்டு நடு முற்றத்தில் தேங்காய் உடைத்தால் வருகிறது எப்படி நிலைக்கும்?

நியாயம் எல்லாம் சரிதான். அந்த வாசல் அரசாங்கத்தின் காணி. கேற்றடியில் மஞ்சள் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது: பெரிய பாதையில் வெளியாள் யாரும் கால் வைக்கக்கூடாது, வைத்தால் கிளைப் பாதையின் அனுமதி ரத்து. யோகமலர் அந்தப் பலகையை ஒவ்வொரு மாரியிலும் பனி தட்டித் துடைக்கிறவர்.

பொங்கலுக்குப் பிறகு வந்த புதன்கிழமை குளிர் இருபத்திரண்டு பாகை, பூச்சியத்துக்குக் கீழே. வண்டி பதினொன்றரைக்கு வந்தது. வின்ஸ்ரனும் சாரதியும் உள்ளே பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, யோகமலர் தேங்காயைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கேற்றைத் தாண்டினார். ஜோசப்பின் பின்னால் ஓடிவந்து, "அக்கா, உது வேண்டாம், பலகையைப் பாருங்கோ" என்றாள்.

"அரை நிமிசம். ஆர் பாக்கப்போகினம்?"

சுவிட்சடியில் குனிந்து, பிள்ளையாரை நினைத்து, ஓங்கி ஒரே அடி. தேங்காய் வாய்பிளந்தது போலச் சரிபாதியாகப் பிரிந்தது. நல்ல சகுனம். தண்ணீர் இரும்பில் வழிந்தது. ஒரு பாதி கையில் நின்றது. மற்றப் பாதி வழுக்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. பனிக்குள் துழாவினார், அகப்படவில்லை. சரிவில் உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டு வந்து, அகப்பட்ட பாதியை வின்ஸ்ரனின் கையில் கொடுத்தார். "மற்றது?" என்று அவர் கண்ணால் கேட்டார். "விழுந்துவிட்டது" என்று சிரித்து மழுப்பினார்.

மனம் நிறைந்த மகிழ்ச்சியோடு, எஞ்சின் புறப்படுமுன்னரே யோகமலர் பஸ் எடுத்து ஸ்ரேஷனுக்குப் போனார். அதே பெரிய பாதையால் ஓடுகிற ஸ்ரௌவ்வில் ரயில் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது. பாதையில் தடங்கல் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. காத்திருக்கத் தெரியாத மனுசி, பக்கத்தில் குழந்தையோடு நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம், இந்த நாட்டில் ஒரு ரயிலை ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர்களுக்கு வரி கட்டுகிறோமே என்று மூச்சுவிடாமல் பேசித் தீர்த்தார்.

அடுத்த புதன்கிழமை வண்டியிலிருந்து இறங்கியது ஒரு புது ஆள். வின்ஸ்ரன் எங்கே என்று யோகமலர் கேட்டார். அவன் கையுறையைக் கழற்றாமலே சொன்னான். போன கிழமை வெளியே போகும்போது இந்த சுவிட்ச் பூட்டவில்லை. பனிக்கட்டி இறுகியிருந்ததாம். சுவிட்ச் பூட்டாவிட்டால் பயணிகள் ரயிலுக்குச் சிக்னல் விழாது. நாற்பத்தேழு நிமிடம் நாலு ரயில் நின்றுவிட்டது. கிளம்புமுன் சுவிட்சைத் துப்புரவாக்குவது கண்டக்டரின் வேலை. அதனால் வின்ஸ்ரனை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை விசாரணை.

"கவலைப்படாதீர்கள், உங்களுக்குப் பிரச்சினை இல்லை," என்றும் சொன்னான். "ஒப்பந்தம் பொங்கலுக்கு முந்தியே கையெழுத்தாகிவிட்டது. ஐந்து வருடம். உங்கள் கிளைப் பாதையும் அதில் இருக்கிறது." பொங்கல் என்று அவன் சொல்லவில்லை, ஜனவரி ஐந்து என்றான். யோகமலருக்கு அது அப்படித்தான் கேட்டது.

பனிக்குள் துழாவியும் அகப்படாத தேங்காய்ப் பாதி எங்கே போனது என்று யோகமலருக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்காமலே கிடைத்திருந்த வரத்துக்கு, போய் வாசலில் தேங்காய் உடைத்து, அந்த மனுசனின் வயிற்றில் அடித்திருக்கிறார்.

அன்று பின்னேரம் மகனிடம் சொன்னார். ஜனார்த்தன் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறவன். முழுவதையும் கேட்டுவிட்டு மடிக்கணினியை மூடினான்.

"அம்மா, லிசின். நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக்கூடாது. ட்ரெஸ்பாசிங் எண்டு ஃபைன் அடிப்பினம், எங்கடை சைடிங் பாதையும் போயிடும். யூ நோ தற், றைற்?"

"அந்த மனுசன்ரை வேலை?"

"அவருக்கு யூனியன் இருக்கு. அவை பாப்பினம். இற்ஸ் நொற் யுவர் ப்ரொப்ளம், அம்மா."

பிள்ளை சொல்வதில் பிழை இல்லை. தாய்க்காகத்தான் சொல்கிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐந்து வருடம். ஐந்து வருடம் என்றால் யோகமலருக்கு அறுபத்தெட்டு வயதாகிவிடும், அதற்குப் பிறகு எது போனால் என்ன? ஆசை என்றால் சும்மாவா. இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் எழும்பியவர், காலையில் ஜோசப்பினைக் கூட்டிக்கொண்டு வின்ஸ்ரனின் வீட்டுக்குப் போனார். யூனியன் பார்க்கும் என்று அவர் வாயால் ஒரு சொல் கேட்டுவிட்டால் போதும், நிம்மதியாக வந்துவிடலாம் என்பதுதான் மனதுக்குள் இருந்த திட்டம்.

வின்ஸ்ரனின் வீடும் டோர்செட் பார்க்கில்தான், பழைய கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி. பத்தொன்பது வருடத்தில் யோகமலர் போனதில்லை. பேர்ல் கதவைத் திறந்து, கட்டிப்பிடித்து, உள்ளே இருத்தினார். வின்ஸ்ரன் வீட்டு உடுப்பில் சின்னதாகத் தெரிந்தார். அவர் பேசியது ஜமேக்கா இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"பதினாலு மாதம் இருக்கிறது பென்சனுக்கு. யூனியன் என்ன செய்யும்? நாலு ரயில் நின்றது நின்றதுதான். எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்."

"பனிக்கட்டி என்று சொன்னீர்களாம்," என்றார் யோகமலர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

வின்ஸ்ரன் எழும்பிப் போய், குளிர்ப்பெட்டியின் மேல் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். தொலைந்துபோன தேங்காய்ப் பாதி. விளிம்பில் இரும்பு நசித்த கறுப்புத் தழும்பு. சுவிட்சின் இடுக்கிலிருந்து கம்பியால் நெம்பி எடுக்க முக்கால் மணித்தியாலம் ஆனது, என்றார்.

"பிறகேன் உண்மையைச் சொல்லேல்லை?" ஜோசப்பின் தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவருக்கு விளங்கிவிட்டது.

"எப்படிச் சொல்வேன்? எனக்காக உடைத்தது அல்லவா," என்றார் வின்ஸ்ரன்.

இவருக்காகவா என்று யோகமலர் விழித்தார்.

"பதினெட்டு வருடம் பெட்டிகளைக் கொழுவுகிற யார்டில் வேலை செய்திருக்கிறேன், இந்தப் பாதைக்கு வருமுன். இரண்டு கூட்டாளிகளைப் பறிகொடுத்தேன். இன்னொருவனுக்குக் கால் போனது. இந்தப் பாதைக்கு வந்தபிறகு எனக்கு ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு ஜனவரியும் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பேர்ல் சொல்லுவாள், 'அந்தப் பெண்கள் உனக்காக உடைத்துவிட்டார்கள், இந்த வருடம் நான் பயப்படாமல் படுக்கலாம்' என்று. எனக்காக வேண்டிக்கொண்டவர்களை நான் காட்டிக்கொடுப்பேனா?"

பேர்ல் தலையை ஆட்டிக்கொண்டு தேத்தண்ணீர் வார்த்தார்.

யோகமலருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் பிள்ளையாரிடம் அவர் கேட்காதது இல்லை. வண்டி தவறாமல் வரவேண்டும், விலை ஏறக்கூடாது, ஈரம் பிடிக்கக்கூடாது, பெட்டிக்குள் வண்டு இருக்கக்கூடாது. ஒரு வருடம் ஜனார்த்தனின் கலியாணத்துக்கும் சேர்த்துக் கேட்டார். அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்து கழற்றுகிற மனுசனுக்காக ஒரு தரம், ஒரு சொல், கேட்டதில்லை. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம்.

வெளியே வந்து ஜோசப்பினுடைய காரில் ஏறியதும், "நாளைக்கு நான் போய்ச் சொல்லப்போறன்" என்றார்.

ஜோசப்பின் போட எடுத்த சாவியைத் திரும்ப மடியில் வைத்தாள். பிறகு, "சொன்னால் வண்டி வராது அக்கா," என்றாள். "எனக்கு விளங்காது எண்டு சொன்னனீங்கள். என்ரை சேலையிலை அண்டைக்குப் பிடிச்ச பருப்பு நிறம் இன்னும் போகேல்லை. அந்தச் சேலையை நான் ஒருத்தருக்கும் குடுக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. எனக்கும் விளங்கும்."

இரண்டு பேரும் காருக்குள் இருந்து அழுதார்கள். அழுது முடிய ஜோசப்பின் மூக்கைச் சீறிவிட்டு, "ஆனால் அந்த மனுசன் பொய் எழுதிக் குடுத்திருக்கெல்லே, நாங்கள் உண்மை சொன்னால் அதுக்கு அவரைப் பிடிக்கமாட்டினமோ?" என்று கேட்டாள். யோகமலருக்கு அந்த யோசனையே வரவில்லை. இருவரும் அரை மணித்தியாலம் மண்டையைப் போட்டு உடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சரக்குக் கொம்பனியின் அலுவலகத்தில் நீளமான மேசை. ஒரு பக்கம் கொம்பனியின் ஆட்கள் இருவர், மற்றப் பக்கம் அரசாங்க ரயிலின் அதிகாரி, நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். வின்ஸ்ரன் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். யோகமலரைக் கண்டதும் வேண்டாம் என்று தலையை அசைத்தார். யோகமலரோடு ஜோசப்பினும் வந்து பக்கத்தில் இருந்தாள். ஜனார்த்தனும் வந்திருந்தான். காரில் வரும் வழியெல்லாம் தாயோடு சண்டை பிடித்துவிட்டு, கடைசியில் அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான்.

யோகமலர் எழும்பி நின்று சொன்னார். தெரிந்த இங்கிலீஷில், ஒன்றையும் மறைக்காமல். மஞ்சள் பலகையை வாசித்தது, கேற்றைத் தாண்டியது, ஓங்கி அடித்தது, அகப்படாத மற்றப் பாதியை அப்படியே விட்டுவிட்டு வந்தது, எல்லாம். வின்ஸ்ரனுடைய அறிக்கையில் பனிக்கட்டி என்று இருக்கிறதே என்று கொம்பனிக்காரர் ஒருவர் இழுத்தார்.

"பனிக்கட்டிதான்," என்றார் யோகமலர். "அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு. தேங்காய்க்குள் இருந்த தண்ணீர் முழுக்க உங்கள் சுவிட்சில் ஊற்றினேன். உறைந்திருக்கும். அவர் கண்டதைத்தான் எழுதினார். அதை அங்கே ஊற்றியது யார் என்று எழுதவில்லை, அவ்வளவுதான்."

அதிகாரிப் பெண்ணின் வாய் ஓரம் அசைந்தது. சிரிப்போ என்னவோ, அடக்கிக்கொண்டார். மூவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வின்ஸ்ரன் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம், அவருடைய பெயரில் குற்றம் எதுவும் பதியப்படமாட்டாது. ஆனால் கிளைப் பாதையின் அனுமதி விதிப்படி ரத்து. சுவிட்ச் சித்திரைக்குள் கழற்றப்படும், அந்த இடத்தில் நேர்த் தண்டவாளம் போடப்படும். "வருந்துகிறேன், மிசிஸ் சிவபாதம். எனக்கு வேறு வழி இல்லை," என்றார் அதிகாரி. உண்மையாகவே வருந்துகிறவர் போலத்தான் இருந்தார்.

யோகமலர் ஓம் என்று தலையாட்டினார். எதிர்பார்த்து வந்ததுதான். ஆனாலும் அந்தச் சொல்லைக் காதால் கேட்டபோது, ஒன்பதாம் மாடியும் லொபிப் பொத்தான்களும் பனியில் முழங்கால் புதைய நின்று கத்திய சிவபாதமும் எல்லாம் ஒன்றாக எழும்பி அந்த அறையை விட்டு வெளியே போவது போல இருந்தது. திரும்பக் கதிரையில் இருந்தார்.

"ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது," என்றார் அதிகாரிப் பெண், பேனாவைத் திறந்துகொண்டு. "காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தத் தேங்காயை எதற்காக உடைக்கிறீர்கள்?"

யோகமலர் வாயைத் திறந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் வின்ஸ்ரன் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியோடு வருகிறவருக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்று," என்றார் யோகமலர். "ஒவ்வொரு வருடமும் அதற்காகத்தான்."

அந்த அறையில் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதிகாரிப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஜோசப்பின் மேசைக்குக் கீழே யோகமலரின் கையைப் பிடித்தாள். வின்ஸ்ரன் கண்ணாடியைக் கழற்றி ரையின் நுனியால் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கொம்பனிக்காரரிடம் மெல்லிய குரலில், "என் மனைவி எப்போதும் இதைத்தான் சொல்லுவாள்" என்றார்.